அறைக்கு ஒருவர்

“அண்ணே, நீங்க வெளிய போயிட்டா நான் யாரைப் பாத்துப் பாடம் நடத்துறது?”

“கேமராவைப் பாருங்க மேடம். அறைக்கு ஒருத்தர்தான்னு உத்தரவு—”

“கேமரா தலையாட்டுமா?”

“நான் மட்டும் என்ன, புரிஞ்சா ஆட்டினேன்?”

பெருந்தொற்றால் பல்கலைக்கழகத்தில் பாடமெல்லாம் இணையவழி ஆகிவிட்டது. போன வாரம் முழுக்க வகுப்பறை உதவியாளரை முதல் வரிசையில் உட்காரவைத்துத்தான் பேராசிரியை சமாளித்தார். அது மேலிடம் வரை போய்விட்டது.

“புரியாமலே ஆட்டுங்கண்ணே. எதிர்ல ஒரு முகம் இல்லாம எனக்குப் பேச்சே வராது.”

“என் வேலை போயிடும் மேடம்.”

அதற்குமேல் அவரால் வற்புறுத்த முடியவில்லை. உதவியாளர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். நாற்காலிகள் அத்தனையும் காலி. கணினித் திரையில் கறுப்புக் கட்டங்களும் மாணவர்களின் பெயர்களும் மட்டுமே இருந்தன. பேராசிரியை மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“யாராவது ஒருத்தர் கேமராவைப் போடுங்களேன்பா. கொஞ்ச நேரம் போட்டாப் போதும்.”