ஸ்டீயரிங்கை ஆட்டியவர்

பழைய தோட்ட டிராக்டரின் ஸ்டீயரிங்கை அரைச்சுற்று திருப்பினாலும் சக்கரம் அசைவேனா என்றது. கணவர் இறந்தபின் அதை விற்றுத் தலைமுழுக நினைத்த அக்கா, மெக்கானிக்கை வரவழைத்திருந்தாள்.

"நான் அடியில படுத்துப் பார்க்குறேன். நீங்க சீட்டுல உக்காந்து ஆட்டிக்கிட்டே இருங்கக்கா," என்று சொல்லி அவன் வண்டிக்கடியில் நுழைந்தான்.

"இடது பக்கம்... இப்ப வலது... மெதுவா."

சொன்னது சொன்னபடி நடந்தது. வாயைத் திறந்தாலே எரிந்து விழுகிற அக்காவுக்கு இவ்வளவு பொறுமையா என்று அவனுக்கே ஆச்சரியம். தேய்ந்திருந்த ஸ்டீயரிங் இணைப்பைக் கழற்றிப் புதியதை மாட்டினான்.

"இன்னொரு தடவை ஆட்டுங்க."

இம்முறை சக்கரம் உடனே திரும்பியது. திருப்தியோடு வெளியே வந்தான்.

சீட்டில் யாருமில்லை. ஸ்டீயரிங் மட்டும் இடதும் வலதுமாக, மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

அக்கா வீட்டுக்குள்ளிருந்து டீயோடு வந்தாள். "பால் பொங்குதுன்னு அப்பவே கத்திட்டுத்தானே போனேன், காதுல விழலயா?"

அவன் ஸ்டீயரிங்கைக் கை நீட்டிக் காட்டினான்.

அவள் டம்ளரை நிதானமாகக் கீழே வைத்தாள்.

"போதும்னு சொன்னியா? சொல்லலைன்னா அவரு நிறுத்த மாட்டாரு."