செலவுத்தொகை இல்லை

1

முடிவை வாசகர் தலையில் கட்டிவிட்டுக் கைகழுவாத முதல் மீபுனைவு, அதாவது கதை எழுதுவதையே சொல்லும் கதை, தமிழில் இதுதான். அடக்கத்தோடுதான் சொல்கிறேன். ‘அவன் கதவைத் திறந்தானா இல்லையா, நீங்களே தீர்மானியுங்கள்’ என்று எழுதுகிற ஆட்களை எங்கள் கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையில் மூன்று இதழ்களுக்குக் கிழித்திருக்கிறேன். ஓட்டலுக்கு வந்தவன் கையில் மாவைக் கொடுத்து, ‘நீயே ஊற்றிக்கொள்’ என்பதற்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. என் கதைக்கு முடிவு உண்டு. ஐந்தாம் பகுதியில் இருக்கிறது. [இப்போதே தாவிப் போக வேண்டாம்.]

கதை பிறந்த இடத்தையும் ஒளிக்கப் போவதில்லை. ஒரு கோர்ட்டுத் தீர்ப்பின் கடைசிப் பக்கம், கடைசி வரி. மூன்றே மூன்று வருடத்தில் எழுதி முடித்திருந்தார்கள்.

2

தொடக்கம், முதல் வரைவு: ‘திருமங்கலத்தின் மீது வெயில் ஒரு நீதிபதியைப் போல

வேண்டாம். திருமங்கலத்தில் வெயில் வெயிலைப் போலத்தான் அடிக்கும்.

இரண்டாம் வரைவு: அப்பா சின்னச்சாமி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடையில் பைக்குகளுக்கு சீட் கவர் தைக்கிறார். கட்டடம் லாசர் சாருடையது. அவர் ஒரு மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் ஜினோ செல்போன் கடை வைக்கப்போகிறான், மூன்று மாதத்தில் காலி பண்ணிக்கொடு, அட்வான்ஸை முழுசாகத் தந்துவிடுகிறேன் என்று ஒருநாள் வந்து கேட்டார். அப்பா தலையாட்டிவிட்டார். பதிவு செய்த ஒப்பந்தப்படி இன்னும் ஐந்து வருடம் பாக்கி இருந்தது. [அது அப்பாவுக்கு உறைக்கவில்லை. அப்பாவுக்கு உறைக்காததெல்லாம் உறைக்கிற ஒருவன் வீட்டில் இருந்தான்.]

லாசர் சாரைக் கெட்டவராக எழுத இரண்டு நாள் பாடுபட்டேன். தங்கப்பல் வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. வழக்கு நடந்த மூன்று வருடமும் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு கேக் வந்தது. பிரதிவாதி நாங்கள். கேக் நன்றாகவே இருந்தது.

3

“காலி பண்ணாதப்பா” என்றவன் நான்தான். அப்போது முதலாமாண்டு. “அவரு கேஸ் போட்டா போடட்டும். தோக்குறவன்தான் ஜெயிச்சவனோட செலவையும் கட்டணும். சட்டத்துலயே இருக்கு.”

“எம்புட்டு ஆனாலுமா?”

“எம்புட்டு ஆனாலும்.”

அக்கா சத்யப்ரியா தமிழ் இலக்கியம் முடித்துவிட்டு மதுரையில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் நிற்கிறாள். நிற்கிறாள் என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. பத்து மணி நேரம், நாற்காலி கிடையாது. பி.எட். படித்து டீச்சராக வேண்டும் என்று பணம் சேர்த்துவைத்திருந்தாள். வக்கீல் தமிழ்வாணியின் ஃபீஸ் அதிலிருந்துதான் போனது.

“டேய் அருளு, திரும்பி வந்துரும்ல?”

“ஜெயிச்சா அவரு கட்டுவாருக்கா. படிச்சுட்டுத்தான சொல்றேன்.”

ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் இதையே கேட்டாள். நானும் இதையே சொன்னேன். இங்கே உரையாடலில் ஒரு வளர்ச்சி வேண்டும் என்று விமர்சகர்கள் சொல்லலாம். வளரவில்லை.

4

தீர்ப்பு நாள். ‘வழக்கு தள்ளுபடி’ என்றதும் அப்பாவின் முகம் செத்துவிட்டது.

“அண்ணே, அது அவரு போட்ட கேஸு. தள்ளுபடின்னா நாம ஜெயிச்சுட்டோம்” என்றார் தமிழ்வாணி.

அப்புறம் அந்தக் கடைசி வரி: ‘வழக்கின் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு, செலவுத்தொகை இல்லை.’

அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். “செலவே இல்லைன்னுட்டாகளா! வக்கீலம்மா, அப்ப உங்களுக்குத் தரவேண்டிய பாக்கி?”

தமிழ்வாணி ஃபைலைக் கட்டினார். “செலவு இல்லைன்னு சொல்லலண்ணே. செலவுத்தொகை இல்லை. அவரு உங்களுக்கு ஒண்ணும் தரவேண்டாம்னு அர்த்தம். அவரவர் செலவு அவரவருக்கு.”

“ஜெயிச்சது நாமதானம்மா?”

“ஆமாண்ணே.”

“பெறகு ஏன்?”

“சூழ்நிலை.”

[எந்தச் சூழ்நிலை? ஃபேன் ஓடாததா? ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து போவதற்குப் பெயர் தீர்ப்பு. முடிவு எழுதத் துணிச்சல் இல்லாத கதாசிரியனும் இப்படித்தான் எழுந்து போகிறான்.]

வாசல் டீக்கடையில் லாசர் சார் நின்றிருந்தார். “எனக்கும் பி.எஃப். காசுல பாதி போச்சு, சின்னச்சாமி. ஜினோ போன வருஷமே கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போயிட்டான். கடையே வேணாம்னுட்டான்.”

“அத அப்பவே சொல்லியிருக்கலாம்ல சார்?”

“கேஸ் நடக்குதே. எப்படிப் பேச?”

டீக்கு அவரவர் காசை அவரவர் கொடுத்தார்கள்.

5

சாயங்காலம் அக்கா வந்தாள். அப்பா விளக்கினார். அவள் செருப்பைக் கழற்றாமலே கேட்டாள்.

“எங்க கடையில ஆடித் தள்ளுபடியே அம்பது சதவீதம்தான். உங்க கோர்ட்டுல நூறும் குடுத்துட்டாகளா?”

அப்பா சிரித்தார். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பி.எட். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

“டேய் அருளு, அந்தச் சட்டத்த நீ முழுசாத்தான படிச்ச?”

சட்டம் ஏறக்குறைய இப்படி: தோற்றவர், ஜெயித்தவரின் செலவைத் தரவேண்டும் [நீதிமன்றம் வேறுவிதமாகக் கருதினால் தவிர]. நான் படிக்கவில்லை, பார்த்தேன். நாற்பது நொடி வீடியோ. திரையில் அடைப்புக்குறி வந்ததும் கட்டைவிரலால் அடுத்ததற்குத் தள்ளிவிட்டேன். அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் சும்மா என்று நினைத்தேன். [நீங்களும்தானே?]

முடிவு, முதல் வரைவு: அருள் உண்மையைச் சொல்கிறான். அக்கா ஓங்கி ஓர் அறை

அவள் அடிக்க மாட்டாள். ‘சரி, விடு’ என்பாள். அதை எழுத முடியவில்லை.

முடிவு, இரண்டாம் வரைவு: “முழுசாத்தான்க்கா படிச்சேன். ஜட்ஜுதான் மாத்திட்டாரு” என்கிறான். அக்கா நம்பிவிடு

மூன்றாம் வரைவு: அக்காவின் கேள்விக்கு அவன்

6

“கதை முடிஞ்சுருச்சாடா? குடு, பிழை பாத்துத் தாரேன்.”

அக்கா பென்சிலோடு நிற்கிறாள். என் கதைகள் எல்லாவற்றுக்கும் ஒற்றுப்பிழை திருத்துகிறவள் அவள்தான். பத்திரிகையில் நான் மற்றவர்களைக் கிழித்து எழுதியதிலும் பிழை திருத்தியிருக்கிறாள்.

“இரு, இன்னும் ஒரு வரிதான் பாக்கிக்கா” என்றேன்.

ஐந்தாம் பகுதித் தாளை உருவினேன். நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். நான்காம் பகுதியில், டீக்கு அவரவர் காசைக் கொடுத்த இடத்துக்குக் கீழே எழுதினேன்:

‘கதையின் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு, முடிவு இல்லை. அவரவர் முடிவை அவரவரே எழுதிக்கொள்ள வேண்டியது.’

அவள் வாசித்தாள். ஒற்றுப்பிழை ஒன்றும் இல்லை என்றாள்.