மதர்போர்டு போய்விட்டதாம்

சனிக்கிழமை காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். உள்ளே விசிறி உர்ரென்று சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது, நாலு எண்ணுவதற்குள் எல்லாம் அணைந்துவிட்டது. மறுபடி பட்டனை அமுக்கினேன். அசையவில்லை. நாலைந்து தடவை குத்திய பிறகு மீண்டும் உர்ர், பச்சை விளக்கு, அவ்வளவுதான், போச்சு.

மத்தியானம் இரண்டு மணிக்கு எனக்கு ஆன்லைன் பரீட்சை. மெடிக்கல் கோடிங் வேலை, என் மகன் ஆபேல் பிறந்தபோது நான் விட்டுவிட்டு வந்த அதே வேலை. எழுதுகிறவளைக் கேமரா வழியாகக் கண்காணிக்கிற சாஃப்ட்வேர் ஒன்று உண்டு. அதை இந்தக் கம்ப்யூட்டரில்தான் ஏற்றியிருந்தேன், இதைத்தான் பதிவும் செய்திருந்தேன். போனில் எழுத முடியாது, வேறு யார் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் முடியாது. இன்று விட்டால் இனி ஆறு மாதம் கழித்துத்தான்.

இன்னும் ஆறு மாதம் இந்த வீட்டில் என் மாமியாரோடு இருப்பதற்கு நான் பீர்க்கன்கரணை ஏரியில் போய்க் குதிக்கலாம். எனக்கு வேலை கிடைத்தால் மேடவாக்கம் பக்கம் தனி வீடு பார்க்கலாம் என்று என் கணவன் ஃபிரெடி வாக்குக் கொடுத்திருந்தான். கிடைக்காவிட்டால் அந்தப் பேச்சே கிடையாது. அதனால் அது வெறும் வேலைப் பரீட்சை இல்லை, இந்த வீட்டை விட்டு வெளியே போகிற வாசல்.

மாமியாருக்குப் பெயர் பேபி. பெயர் மட்டும்தான் பேபி. நான் கழுவி வைத்த பாத்திரத்தை என் கண் எதிரிலேயே எடுத்து மறுபடி கழுவுவாள். நேரில் ஒரு வார்த்தை திட்ட மாட்டாள், எல்லாவற்றையும் சாயங்காலக் குடும்ப ஜெபத்துக்கு எடுத்து வைப்பாள். கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, வெயில் ஏறும்வரை தூங்குகிறவர்களை எழுப்பும்" என்பாள். நான் என்ன சளைத்தவளா? என் முறை வரும்போது, "ஆண்டவரே, ஊரெல்லாம் குறை பேசித் திரிகிற வாய்களைக் கட்டும்" என்பேன். ஃபிரெடி இரண்டுக்கும் பக்தியாக ஆமென் சொல்வான்.

போதாததற்கு அந்த ஜெப எண்ணெய். கன்வென்ஷன் கூட்டத்தில் ஒரு பாஸ்டர் ஜெபித்துக் கொடுத்த மல்லிகை வாசனை எண்ணெய். ஃபிரெடியின் பைக்குக்குப் பூசுவாள், ஆபேலின் பென்சில் டப்பாவுக்குப் பூசுவாள், புது மிக்ஸிக்கும் பூசினாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் நெற்றியில் பூசினாள். அதை மட்டும் ஆணி அடிக்கிற வேகத்தில் செய்தாள்.

ஃபிரெடி போன் போட்டு ஜோஸ்வினை வரவழைத்தான். ஜோஸ்வின் அவனுடைய சித்தப்பா மகன், தாம்பரத்தில் இருக்கிறான், ஏதோ கம்பெனியில் 'சிஸ்டம்ஸ் பாக்குறேன்' என்று சொல்லிக்கொள்வான். வந்ததும் முதலில் ஐந்து தோசை தின்றான். பிறகு பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான்.

"ஒண்ணுமில்ல அண்ணி, ரேம் லூசாயிருக்கும்."

ரேமைப் பிடுங்கி, ஆபேலின் ரப்பரை வாங்கி அதன் பித்தளைப் பல்லையெல்லாம் தேய்த்து, ஊதி, மறுபடி செருகினான். உர்ர், பச்சை விளக்கு, போச்சு. இன்னும் கொஞ்ச நேரம் வயர்களை இழுத்துப் பார்த்தான். பிறகு டாக்டர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டான்.

"மதர்போர்டு போச்சு அண்ணி. பழைய மாடல், பார்ட்டும் கெடைக்காது."

"எப்படிடா சொல்ற? எதை வெச்சு சொல்ற?"

"எனக்குத் தெரியாதா அண்ணி? இது அதே சிம்ப்டம்."

ஃபிரெடி என் தோளில் கை வைத்தான். "சரி விடு பிளஸ்ஸி. ஆறு மாசம்தானே? கண்ண மூடித் தொறந்தா ஓடிடும்."

"உங்க முகத்துல ஏன் இவ்ளோ குளிர்ச்சி?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன குளிர்ச்சி? எனக்கும் வருத்தம்தான். அம்மாவைப் பத்தியும் யோசிக்கணும்ல? நாம போயிட்டா அவங்க தாங்க மாட்டாங்க."

சமையலறையிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தாள். "இன்னா, போச்சா? சுத்தமா போச்சா? இனிமே ஆவவே ஆவாதா?" திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தைக்கூட அடக்கத் தெரியாத ஜென்மம் என்று நினைத்தேன்.

"உனக்கு மூடு சரியில்ல. பிரியாணி வாங்கிட்டு வரேன்," என்று ஃபிரெடி ஜோஸ்வினைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். வீட்டில் எது உடைந்தாலும் இவனுக்குப் பிரியாணிதான் மருந்து.

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு அழுகை போய் ஆத்திரம் வந்தது. பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன். எறிந்துவிட்டு, கடைசியாக ஒரு தடவை என்று மறுபடி செருகி சுவிட்சைப் போட்டேன்.

கம்ப்யூட்டர் தானாக ஓட ஆரம்பித்தது. நான் பட்டனைத் தொடவே இல்லை.

நாலு எண்ணுவதற்குள் அணைந்துவிட்டது. ஆனால் இந்தத் தடவை எனக்கு மூளை வேலை செய்தது. கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிட்டால் நாம் என்ன செய்வோம்? பட்டனை விடாமல் அமுக்கிப் பிடிப்போம், நாலைந்து வினாடியில் அணைந்துவிடும். அப்படியானால் இப்போது யாரோ பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். யார்? பேயா?

குனிந்து பார்த்தேன். பட்டன் ஒரு பக்கமாக உள்ளே அமுங்கிப்போய் அப்படியே நின்றது. விரலால் தொட்டேன். பல வருஷத் தூசியும் பிசுக்கும் குழைந்து களி மாதிரி ஒட்டியது. விரலை மோந்தேன்.

மல்லிகை.

அடிப்பாவி! நேராகச் சமையலறைக்குப் போய் விரலை அவள் மூக்குக்கு எதிரே நீட்டினேன்.

"அத்தை, இது என்ன?"

அவள் மோந்தே பார்க்கவில்லை. "எண்ணெ," என்றாள்.

"எதுக்குப் பூசினீங்க?"

"ஜெபம் பண்ணேன்."

"எனக்கு வேலை கிடைக்கக் கூடாதுன்னுதானே? வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே! அதுக்குக் கடவுளையும் கூட்டு சேத்து கம்ப்யூட்டரைக் கெடுக்கணுமா? இந்தாங்க, உங்க பிள்ளையை நீங்களே முந்தானைல முடிஞ்சு வெச்சுக்கோங்க!"

கரண்டியை மேடையில் எறிந்தாள். பதறினாலோ கோபம் தலைக்கேறினாலோ என் மாமியாருக்குப் பிறந்து வளர்ந்த பல்லாவரம் வாய்க்கு வந்துவிடும்.

"இன்னாடி சொன்ன? கெடைக்கக் கூடாதுன்னா? கெடச்சாத்தானேடி நீ இந்த வூட்ட வுட்டுப் போவ! நேத்து நீ சந்தைக்குப் போனப்போ அந்தப் பட்டன்லயே நல்லா ஊத்தித் தேச்சு, முட்டி போட்டு அழுது ஜெபிச்சேன். ஆண்டவரே, இவளுக்கு வேலையக் குடும், இவள எப்டியாவது கெளப்பும்னு!"

நீட்டிய விரலை மடக்கிக்கொண்டேன்.

"நான் போனா உங்க பிள்ளையும் வருவாரு," என்றேன்.

"அவனத்தான் மொதல்ல இட்டுகினு போ! இந்த வயசுல அவன் சாக்ஸ நான் தேடிக் குடுக்கணும். ஒருத்தனுக்கு பூரி, ஒருத்தனுக்குத் தோசை, உனுக்கு டயட்டு. எனுக்குப் புடிச்ச கருவாட்ட ஒரு நாளாவது ஆக்கித் தின்னுட்டு நிம்மதியா படுத்தனா? 'நீங்க தனியாப் போங்கடா'ன்னு அவன்கிட்ட எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன் தெரியுமா? 'பிளஸ்ஸிக்கு மனசு ஒடஞ்சிடும்மா'ன்றான்!"

"என்கிட்ட, அம்மா தாங்க மாட்டாங்கன்னு சொல்றாரு."

"யாரு, நானா? நான் தாங்க மாட்டனா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நாங்கள் முறைக்காமல் பார்த்துக்கொண்டது அன்றுதான். அதுவும் ரொம்ப நேரம் நீடிக்கவில்லை.

"நின்னு வேடிக்கை பாத்துகினு கீறியே, மணி ஆவல? போய் அதத் தொடச்சு எடு!"

"நீங்க பூசி வெச்ச சாணிய நான் துடைக்கணும்!"

"வாயக் கொறடி. இந்தா." கொரோனா சமயத்தில் வாங்கி அலமாரிக்குள் போட்டிருந்த சானிட்டைசரையும் காது குடையும் பஞ்சுக் குச்சிகளையும் கொண்டுவந்து கொடுத்தாள். பிளக்கைக் கழற்றிவிட்டு, குச்சியை நனைத்து நனைத்துப் பட்டனைச் சுற்றி விட்டுத் துடைத்தேன். கறுப்புக் கறுப்பாக வந்தது. அவள் டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று, "அங்க வுட்டுட்ட, இங்க வுட்டுட்ட," என்று உயிரை வாங்கினாள். கடைசியில் டக்கென்று பட்டன் வெளியே வந்தது. அமுக்கினால் உள்ளே போனது, விட்டால் வெளியே வந்தது.

நன்றாகக் காய விட்டு, பிளக்கைச் செருகி, பட்டனை ஒரு தடவை அமுக்கினேன். உர்ர், பச்சை விளக்கு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. திரை வெளிச்சமானது.

"ஸ்தோத்திரம்!" என்று கத்திய அத்தையின் கை தானாக இடுப்புக்குப் போனது. எண்ணெய் பாட்டில் அங்கேதான் இருந்தது.

"அத்தை, கையை வெட்டிடுவேன்," என்றேன்.

நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பரீட்சையில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வாசலில் பைக் சத்தம் கேட்டது. பிறகு ஃபிரெடியின் குரல், "என்னம்மா, ஓடுதா அது? எப்படி? ஜோஸ்வின் மதர்போர்டு போச்சுன்னானே!"

"கத்தாத. அவ பரீட்ச எழுதுறா. பிரியாணிய அப்டி வெச்சிட்டு உன் சாக்ஸ நீயே பொறுக்கு."

கடைசிக் கேள்வியை முடித்ததும் முடிவு திரையிலேயே வந்துவிட்டது. தேர்ச்சி. திங்கட்கிழமை வேலை ஆர்டர் மெயிலில் வருமாம். கதவைத் திறந்து சொன்னேன். அத்தை பிரியாணியில் இருந்த பெரிய பீஸை எடுத்து என் தட்டில் வைத்தாள். ஃபிரெடி "சூப்பர்ம்மா" என்றான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். அத்தை கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளைகளுக்குச் சீக்கிரமாய் ஒரு வீட்டைக் காட்டும். தண்ணி வசதியோடு காட்டும். தூரமாய்க் காட்டும்."

"ஆமென்," என்றேன், அடிவயிற்றிலிருந்து.

ஃபிரெடி பக்கம் சத்தமே இல்லை. அத்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து அவனைப் பார்த்தாள்.

"சொல்றா," என்றாள்.