கொப்பளித்துத் துப்பிய மீன்கள்

பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் மீன்தொட்டிக்குள் இருந்த பாசி, மழை பிடித்த முதல் வாரத்தில் கண்ணாடி விளிம்பைத் தாண்டி வெளியே வந்து, சுவரோரமாகவே போய் ரேடியோவின் மேல் படர்ந்தது. அன்றிலிருந்து செய்தி வாசிப்பவர்களுக்கெல்லாம் தொண்டை கட்டியிருந்தது. அடுத்த மாதம் அது சுவர்க்கடிகாரத்தின் முட்களைப் பிடித்துக்கொண்டது. மதியம் பன்னிரண்டு வழுக்கிக்கொண்டு போய் நேராக ஒரு மணியில் விழும். நோயாளிகள் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. பல்வலியோடு வருகிறவருக்குப் பாசி எம்மாத்திரம்?

டாக்டரம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. தொட்டியில் இருந்த பவளங்கள் பச்சைப் போர்வைக்குள் மூச்சு முட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று, பார்க்க மூளையைப் போலவே மடிப்பு மடிப்பாக இருப்பது, அவர் கணவர் கல்யாணத்துக்கு முன்னால் மோதிரத்துக்குப் பதிலாகக் கொடுத்தது. அதில் இப்போது ஒரு விரல் அகலம்தான் வெளியே தெரிந்தது.

கணவருக்குக் கீழ்த்தளத்தில் கண்ணாடி வெட்டும் கடை. தெருவில் அவருக்கு 'அவசரம்' என்று பெயர். உட்காரும்போதே போய்வருகிறேன் என்பார். போன வருஷமே அவர் ஒரு புதுத் தொட்டி செய்து, மனைவி வெளியே போயிருந்த ஒரு மதியத்துக்குள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். பழைய கல், பழைய மணல், குவளை குவளையாகப் பழைய தண்ணீர்.

"பழகின தண்ணிம்மா. மீனுக்கு வேத்து வீடுன்னு தோணக்கூடாதில்ல?" என்றார் பெருமையாக.

பாசியும் மூட்டை முடிச்சோடு குடிவந்துவிட்டது. புது விளக்கின் வெளிச்சத்தில் இரண்டு பங்கு கொழுத்தது. டாக்டரம்மா அன்றோடு கணவரிடம் பேசுவதை நிறுத்தினார். சொல்ல வேண்டியதெல்லாம் மாடியில் குடியிருந்த தங்கை மூலம் போயிற்று. தங்கை பஸ் ஓட்டுபவள். இந்த வேலையையும் சலிக்காமல் ஓட்டினாள்.

"சாப்பாடு ஆறுதுன்னு உங்க மாமாகிட்ட சொல்லு" என்பார் அக்கா, மாமா பக்கத்திலேயே நிற்கும்போது.

"மாமா, சாப்பாடு ஆறுதாம். எனக்கும் பசிக்குதாம்."

அவசரம் இம்முறை ஒரு தொட்டியைச் செய்ய மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டார். உடம்புக்கு என்னவோ என்று தெருவே கவலைப்பட்டது. உள்ளறையில் தொட்டியை நிறுத்தி, புதுக் கல் அடுக்கி, புது மணல் பரப்பி, நல்ல தண்ணீரில் உப்பைக் கரைத்து ஊற்றி, அது தெளிந்து நிலைகொள்ளும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பழையதிலிருந்து ஒரு சொட்டு வரக்கூடாது, ஒரு நூல் வரக்கூடாது. தப்பினால் பவளங்கள் இன்னொரு மழைக்காலத்தைத் தாங்காது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

கிளினிக் விடுமுறை நாளில் டாக்டரம்மா கையுறை மாட்டினார். தங்கை பவளங்களை ஒவ்வொன்றாகப் பழைய கல்லிலிருந்து பெயர்த்துக் கொடுக்க, அவர் அவற்றை நோயாளி நாற்காலியில் ஒரு தட்டில் படுக்கவைத்து, விளக்கைத் தாழ்த்தி, வழக்கம்போல "வாயைத் திறங்க" என்றார். பவளங்கள் திறந்தன. மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, இடுக்கில் கிடந்த பாசியைக் கொக்கியால் சுரண்டி, காயத்துக்குப் போடும் நுரைக்கிற மருந்தைத் தொட்டுத் தொட்டு வைத்து, வாளிக்கு வாளி புது உப்புத் தண்ணீரில் அலசினார். மூளைப் பவளத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. கடைசி மடிப்பு சுத்தமானதும் அது வெட்கப்பட்டதுபோல் சிவந்தது. தங்கை அதைத் துடைத்த கையோடு உள்ளே கொண்டுபோய்ப் புதுக் கல்லில் ஒட்டவைத்தாள்.

அது நேராக நிற்கிறதா என்று பார்க்கப் போன அவசரம், முகத்தைத் தண்ணீருக்கு அருகே கொண்டுபோனார். அவர் மீசையில் ஒரு பச்சை நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க! அங்கேயே நில்லுங்க!"

கத்தியது டாக்டரம்மா. அவசரம் வாழ்க்கையில் முதல் தடவையாக அசையாமல் நின்றார். பிறகு அவர் கண் கலங்கியது.

"பேசிட்டியா?"

"மீசையில பாசி. பேசாம எப்படி இருக்கறது? வந்து உக்காருங்க."

நாற்காலியில் உட்காரவைத்து மீசையைத் தேய்த்துச் சீவினார். நடுநடுவே நிறுத்திச் சிரித்ததால் நூலை எடுக்க நெடுநேரம் ஆயிற்று. தங்கை, "அப்ப என் வேலை போச்சா?" என்றாள்.

மிச்சம் இருந்தவை மீன்கள். வலையில் பிடித்தாலும் செவுளிலும் வாயிலும் பழைய தண்ணீர் இருக்குமே என்று மூவரும் யோசித்தார்கள். டாக்டரம்மா தொட்டிக்கு முன்னால் குனிந்து, தினமும் எல்லோரிடமும் சொல்வதையே அவற்றிடமும் சொன்னார்: "கொப்பளிச்சுத் துப்புங்க."

மீன்கள் கொப்பளித்துத் துப்பின. துப்பிவிட்டுத் தண்ணீரை விட்டு மேலே எழுந்து, கூடத்தின் நடுவே ஃபேனுக்குக் கீழே வந்து நின்றன. ஆரஞ்சு நிற ஜோடி முன்னால், மஞ்சளும் நீலமும் பின்னால். காற்றில் ஈரம் உலரும்வரை பொறுமையாக இருந்தன. அவசரம் ஓடிப்போய் ஃபேனைக் கொஞ்சம் குறைத்து வைத்தார். காய்ந்ததும் வரிசையாக உள்ளறைக்குள் நீந்திப்போய், புதுத் தண்ணீரில் ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் இறங்கின. தங்கை கைதட்டினாள். டாக்டரம்மா கணவரின் தோளில் சாய்ந்துகொண்டு, எல்லாம் வந்துவிட்டதா என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

பாசிக்கும் யாரும் குறை வைக்கவில்லை. பழைய தொட்டியோடு மொட்டைமாடிக்குப் போய் அங்கே மெத்தைபோல் படர்ந்தது. வண்டி ஓட்டிக் களைத்து வரும் தங்கைக்கு மதியத் தூக்கம் அதில்தான்.

மீன்கள் மட்டும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. சாயங்காலமானால் கொப்பளித்துவிட்டு வெளியே வந்து, காத்திருப்பவர்களின் தலைக்கு மேலே ஒரு சுற்றுப் போய்த் திரும்பின. கால் நீட்டி உட்காருகிறவர்கள் மரியாதைக்கு மடக்கிக்கொண்டார்கள். புதிதாக வருகிறவர்கள் ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்துவிட்டு வார இதழைப் புரட்டினார்கள். ஒரு நாள் கடைவாய்ப்பல் வலிக்காரி ஒருத்தி போன் செய்து, காலையில் வேண்டாம், மீன் வருகிற நேரமாகப் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டாள்.

"சாயங்காலம் வாங்க. ஃபேனுக்குக் கீழ மட்டும் உக்காராதீங்க, சொட்டும்" என்றார் டாக்டரம்மா.