வராவிட்டால் தையல்காரர்

அங்கியின் முதுகுப்பக்கத்தை இரண்டு விரற்கடை மடித்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் தையல்காரர். போதகரின் மகன் பிடித்துக்கொண்டான். ஐம்பது வயதில் சபைக்காக அவன் செய்யும் இரண்டாவது வேலை அது. அதிலும் ஊசி அவன் கட்டைவிரலில்தான் ஏறியது.

கடைசி ஒரு மாதத்தில் அப்பா அங்கிக்குள் பாதியாகிவிட்டார். பெட்டிக்குள் மல்லாந்து படுக்கப்போகிறவருக்கு முதுகில் எதற்குத் தையல் என்று கேட்கலாமென நினைத்தான். மடிப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தான். பக்கத்து அறையில் முடிதிருத்துபவர் அப்பாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார், வழக்கம்போல அவரிடம் பேசிக்கொண்டே.

அப்பா அந்தச் சின்னச் சபையின் போதகர். முப்பது வருடங்களுக்கு முன் தொண்டை கட்டி ஒரு மாதம் பேச்சில்லாமல் இருந்தபோது, ஊழியத்தை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தார். தொண்டை சரியான பிறகும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஜெபம் பேருந்து ஓட்டுநருக்கு, நோயாளி வீடுகள் நர்ஸம்மாவுக்கு, மாதத்தில் ஒரு பிரசங்கம் முடிதிருத்துபவருக்கு. வியாழன்தோறும் பட்டியல் எழுதி ஆலயக் கதவின் உட்புறம் ஒட்டுவார். ஒரே ஒரு சட்டம்: சொதப்பியவருக்கே அடுத்த வாரமும் அதே வேலை. ஓட்டுநர் முதல் ஜெபத்தில் பாதி வழியில் வார்த்தை வராமல் நின்றுவிட்டார். தொடர்ந்து ஐந்து வாரம் அவர்தான். ஆறாவது வாரம் அவரை நிறுத்தத்தான் ஆளில்லை.

மகனுக்கு வேத வாசிப்பு. இருபது வயது, புதுச் சட்டை, முன்வரிசையில் ஓட்டுநரின் தங்கை. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்த நேரத்தில் மின்விசிறி தாள்களைப் புரட்டிவிட்டது. துக்கப்படுகிறவர்களுக்கான ஆறுதலில் தொடங்கியவன், பழைய ஏற்பாட்டுக் கூடாரத் திரைகளின் நீள அகலத்தில் போய் முடித்தான். சபை பக்தியோடு ஆமென் சொன்னது. அன்றிலிருந்து அவன் பெயர் கூடாரம்.

சட்டப்படி அடுத்த ஞாயிறும் அவனுக்கே. வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டான். பிறகு லிப்ட் பழுதுபார்க்கும் வேலை கிடைத்தது. ஞாயிறு காலை ஷிப்டை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். ஊரெல்லாம் மேலும் கீழும் போய்வந்தானே தவிர, ஆலயத்தின் மூன்று படிகளை எந்த ஞாயிறும் ஏறவில்லை.

ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் அப்பா வீட்டுக்குப் போவான். தட்டை வைத்துக்கொண்டே அவர் சொல்வார், "இன்னைக்கும் தையல்காரர்தான் வாசிச்சாரு." வாராவாரம் அதேதான். வயசாகிறது, சொன்னதையே சொல்கிறார் என்று தலையாட்டிக்கொண்டே சாப்பிடுவான்.

நர்ஸம்மா உள்ளே வந்தார். கையில் நாளை ஞாயிற்றுக்கான பட்டியல். வியாழன் காலை அப்பா எழுதி முடித்தது. பேனாவை மூடுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. மேலிடத்திலிருந்து வந்த பெரிய போதகர் இன்றைய அடக்க ஆராதனை முழுவதையும் தானே நடத்துவதாகச் சொன்னாராம். அவருக்கு முன்வரிசையில் கை வைத்த நாற்காலியாகப் போட்டிருக்கிறோம் என்றார் நர்ஸம்மா. இன்றைக்கும் இதே பட்டியல்தான்; ஜெபத்துக்கு, செய்திக்கு, பாட்டுக்கு ஆள் இருக்கிறது. வாசிப்புதான் மிச்சம்.

"அதான் அண்ணன் இருக்காரே," என்று தையல்காரரைக் காட்டினான் மகன்.

தையல்காரர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "நான் எங்கடா வாசிச்சேன்? நீ வரலைன்னு வாசிச்சேன்."

நர்ஸம்மா காகிதத்தை அவன் கையில் கொடுத்தார். அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. வாசிப்பு: மகன். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள்: வராவிட்டால் தையல்காரர்.

"ஒவ்வொரு வாரமும் இப்படித்தான் எழுதுவாரு, தம்பி. பேரை எடுத்துடலாமே ஐயான்னு ஒரு தடவை கேட்டேன். சொதப்பினவன் இன்னும் திரும்ப வாசிக்கலையேம்மா, சட்டத்தை எப்படி மாத்துறதுன்னாரு."

இப்படிப்பட்ட நேரங்களில் அவனுக்கு ஏதாவது ஒரு வேடிக்கைப் பேச்சு வந்துவிடும். தேடிப் பார்த்தான்.

"எனக்கு வயித்தை வலிக்குது," என்றான்.

"வலிக்கட்டும்," என்றார் தையல்காரர். "அங்கியைக் கொண்டுபோய் அப்பாவுக்குப் போடு, கூடாரம்."

மத்தியானம் அடக்க ஆராதனையில் அவன் வாசிக்க ஏறியபோது ஓட்டுநர் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். அவர் தங்கை, இருபத்தைந்து வருடமாக அவன் மனைவி, முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டாள், அவன் நிமிர்ந்து பார்த்துவிடக் கூடாதென்று.

அதே ஆறுதல் பகுதி. நான்கு வசனம் நன்றாகவே போயிற்று. ஐந்தாவதில் எழுத்துகள் கலைந்தன. நின்றான். பெரிய போதகர் உதவிக்கு எழப்போனார். பக்கத்திலிருந்த முடிதிருத்துபவர், கடையில் ஆட்டம் போடும் தலையைப் பிடிப்பதுபோல அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். எல்லோரும் தையல்காரரைப் பார்த்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் வைத்து, மூடியை அழுத்தினார். அது மூடிய சத்தம் பின்வரிசை வரை கேட்டது.

வசனம் முடியாமலேயே மகன் இறங்கினான். சபை ஆமென் சொன்னது.

அடக்கம் முடிந்து நாற்காலிகளை அடுக்க மகன் திரும்பி வந்தபோது, ஆலயத்துக்குள் தையல்காரர் மட்டும் இருந்தார். நாளைக்கான பட்டியலைப் பெஞ்சின்மேல் விரித்து வைத்திருந்தார்.

"பாதியில விட்டுட்டே."

"ஆமாண்ணே."

அவர் பையிலிருந்து கத்தரியை எடுத்து, அடைப்புக்குறியை மட்டும் சுற்றிப் பிசிறில்லாமல் வெட்டி, அந்தத் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு காகிதத்தைக் கதவில் ஒட்டி, நான்கு மூலையையும் உள்ளங்கையால் தேய்த்துவிட்டார். மகன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில், இரண்டு விரற்கடை அளவுக்கு, கதவின் மரம் தெரிந்தது.