எனெடினாவுக்குச் செய்த சத்தியம்

எனெடினாவின் கால்கள் கடைசிவரை நன்றாகத்தான் இருந்தன. லோக்ரோன்யோவிலிருந்து நடை யாத்திரை கிளம்பிய பதினாலு நாளில் கசில்டாவுக்கு இரண்டு குதிகாலிலும் கொப்புளம் வந்து உடைந்தது. ஃபெலிசாவுக்கு முழங்கால் வீங்கி, ஒரு நாள் பஸ்ஸில் வர வேண்டியதாயிற்று. எனெடினா மட்டும் காலையில் ஷூவை மாட்டிவிட்டால் போதும், சாயங்காலம் யாராவது நிறுத்தும்வரை நடந்தாள். அவளுக்குப் போய்க்கொண்டிருந்தது நினைவுதான்.

சுட்ட குடைமிளகாயைத் தோலுரித்துப் புட்டியில் அடைக்கும் தொழிற்சாலையில் மூவரும் முப்பத்தொரு வருடம் ஒரே மேசையில் நின்றவர்கள். ஏப்ரலில் டாக்டர் எனெடினாவிடம் நோயின் பெயரைச் சொல்லி, இனி வேகமாக முற்றும் என்றும் சொல்லிவிட்டார். அன்று மாலையே அவள் இருவரையும் காபிக்குக் கூப்பிட்டாள்.

"கால் இருக்கும்போதே என்னைச் சந்தியாகப்பர் கோயிலுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போயிடுங்கடி. செப்டம்பர்ல வெயில் தாழ்ந்ததும் கிளம்பிடலாம்."

"அங்க போய் என்னத்தைக் கேட்கப் போறே? அவரு என்ன டாக்டரா?" என்றாள் ஃபெலிசா.

"ஒண்ணும் கேட்கல. கட்டிக்கிட்டவன் கூட்டிட்டுப் போன இடத்துக்குப் போனேன், பெத்தவன் கூட்டிட்டுப் போன இடத்துக்குப் போனேன். ஒரு இடத்துக்காவது நானா நடந்து போய்ச் சேரணும். ஆனா வழியில என்ன ஆனாலும் என் மகன் ரூபேனுக்கு மட்டும் போன் பண்ணக்கூடாது. கார் எடுத்துட்டு வந்து நேரா முதியோர் இல்லத்துல விட்டுடுவான். இடம் சொல்லி வச்சிருக்கான், எனக்குத் தெரியும். சத்தியம் பண்ணுங்க."

ஃபெலிசா ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். சத்தியம் செய்வது பாவம் என்று நழுவிவிட்டாள். கசில்டாவுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. எனெடினாவின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாள்.

புர்கோஸ் நகரம் வரை ஓரளவு சரியாகவே போயிற்று. அதற்குப் பிறகு யாத்ரீகர் விடுதிகளில் விழிக்கும்போதெல்லாம் எனெடினா இது எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க ஆரம்பித்தாள். பகலில் தெளிந்துவிடுவாள் என்று மற்ற இருவரும் சொல்லிக்கொண்டார்கள். தெளியும் நேரம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

கர்ரியோன் ஊரைத் தாண்டினால் அடுத்த கிராமமான கல்சதீயா வரைக்கும் பதினேழு கிலோமீட்டர். நடுவில் வீடில்லை, தண்ணீரில்லை, அறுத்துப்போட்ட கோதுமைத் தாளும் கருகித் தலை தொங்கிய சூரியகாந்தியும்தான். அதில் நடக்கும்போது எனெடினா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டாள்.

"நாம எங்கடி போறோம்?"

"உனக்கு மாப்பிள்ளை பார்க்க," என்றாள் ஃபெலிசா.

"எத்தனை வயசு அவனுக்கு?"

"எண்பது. பல்லு கிடையாது. ஆனா டிராக்டர் வச்சிருக்கான்."

எனெடினா சிரித்தாள். பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டாள். ஏழாவது எட்டாவது தடவைக்கு மேல் ஃபெலிசாவாலும் வேடிக்கை பேச முடியவில்லை.

பாதி தூரத்தில் ஃபெலிசா வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் ஒதுங்கினாள். கசில்டா உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, கொப்புளத்தில் ஒட்டியிருந்த காலுறையை மெல்ல உரித்தாள். உயிர் போகிற வலி. நிமிர்ந்து பார்த்தபோது எனெடினாவைக் காணவில்லை.

பத்து கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு நாய் வந்தாலும் தெரிகிற நிலம் அது. அப்படியிருந்தும் இரண்டு மணி நேரம் தேடினார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு ஃபெலிசாவின் குரல் அடைத்துப்போயிற்று. கடைசியில் வயலோரத்து வாய்க்கால் பள்ளத்தில் எனெடினா ஒடுங்கிக் கிடந்தாள். ஒரு காலில் ஷூ இல்லை. அறுத்த தாள் குத்திப் பாதமெல்லாம் ரத்தம்.

கசில்டா பள்ளத்தில் இறங்கியதும் எனெடினா கைத்தடியை ஓங்கினாள். அடி தோளில் விழுந்தது.

"கிட்ட வராதே. யாரு நீங்க? எங்கிட்ட ஒண்ணும் இல்லை."

"நான்தான்டி. கசில்டா."

"கசில்டா வேலைக்குப் போயிருக்கா. அவ வந்தா உங்களைச் சும்மா விடமாட்டா."

அந்தப் பக்கமாக வந்த விவசாயி ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "டிராக்டர்ல ஏத்திக்கலாம்மா, பெரியம்மாவைப் பிடிச்சுக்கோங்க," என்றார். அவர் கை கொடுத்ததும் எனெடினா மறுபேச்சில்லாமல் ஏறிக்கொண்டாள். அறியாத மனிதனை நம்பினாள், தங்களை நம்பவில்லை என்பது கசில்டாவுக்குத் தோளின் வலியைவிட அதிகமாக வலித்தது.

கல்சதீயா விடுதியில் காலைக் கழுவிக் கட்டுப் போட்டுப் படுக்கவைத்தார்கள். கசில்டா வாசலுக்கு வந்து போனை எடுத்தாள்.

"யோசிச்சுப் பண்ணு," என்றாள் ஃபெலிசா.

"யோசிக்க என்ன இருக்கு? நாளைக்கு அவ கிணத்துல விழுந்தா?"

மறுமுனையில் ரூபேன் எடுத்தான். எந்த ஊர் என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

மாலை ஐந்து மணிக்கு எனெடினா எழுந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். ஃபெலிசா கொடுத்த பூண்டு சூப்பை இரண்டு வாய் குடித்தாள். அப்புறம் தன் காலில் இருந்த கட்டைப் பார்த்தாள், கசில்டாவின் முகத்தைப் பார்த்தாள். ஐந்து நாளாக இல்லாத தெளிவு அந்தக் கண்ணில் இருந்தது.

"கசில்டா, நான் என்ன பண்ணினேன்?"

"ஒண்ணுமில்லை. வழி தப்பிட்டே."

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"நானூறு கிலோமீட்டர்."

"அப்படின்னா இன்னும் ஒரு மாசம்," என்று விரல்விட்டு எண்ணினாள். "முடியும். என் கையைக் கயிறு போட்டு உன் இடுப்போட கட்டிக்கோ. சிரிக்கறவங்க சிரிக்கட்டும்."

கசில்டா மடியிலிருந்த போனைத் திருப்பி வைத்தாள். எனெடினா அதைப் பார்த்தாள்.

"போன் பண்ணிட்டியா?"

"நான் பண்ணலை," என்று சொல்லத்தான் கசில்டா வாயைத் திறந்தாள். முடியவில்லை. ஆமென்று தலையை ஆட்டினாள்.

"சத்தியம் பண்ணினியே."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை, அழவில்லை. சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ரூபேனின் கார் வருகிற வரைக்கும் அந்தத் தெளிவு போகவில்லை. போயிருந்தால் நன்றாயிருக்கும் என்று கசில்டா நினைத்தாள்.

ரூபேன் அம்மாவின் காலைப் பார்த்தான். சின்ன வயதில் கசில்டாவின் வீட்டிலேயே பாதி நாள் சாப்பிட்டு வளர்ந்தவன்.

"உங்களை நம்பினேன் சித்தி," என்றான். "இனிமே நீங்க யாரும் அவங்களைப் பார்க்க வரவேண்டாம்."

எனெடினா தானே கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறினாள். ஃபெலிசா கண்ணாடி வழியாக அவள் கையைப் பிடித்தபோது பிடிக்க விட்டாள். கசில்டா பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் ஃபெலிசா பையைத் தோளில் மாட்டினாள். "வா. அவளுக்காக நாம போய்ச் சேருவோம்."

"போய் என்ன சொல்றது? அவளை வித்துட்டு வந்தோம்னா?"

ஆனாலும் நடந்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு நாளில் சாகூன் ஊர் வந்தது. அங்கே ரயில் நிலையம் இருந்தது. வழியைக் காட்டும் மஞ்சள் அம்புக்குறி நேராகப் போகச் சொன்ன இடத்தில் கசில்டா நின்றுவிட்டாள். ஃபெலிசா அவளைக் கொஞ்சம் பார்த்துவிட்டு டிக்கெட் ஜன்னலுக்குப் போனாள். பதினாறு நாள் நடந்த தூரத்தை ரயில் அன்று மாலைக்குள் திருப்பிக் கடந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் கழிந்த பிறகு ரூபேன் கோபம் தணிந்து கூப்பிட்டான். கசில்டா முதியோர் இல்லத்துக்குப் போனாள். எனெடினா ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. இரண்டு பெல்ட் போட்டு அவளை நாற்காலியோடு பிணைத்திருந்தார்கள்.

"எழுந்தா நடக்க ஆரம்பிச்சுடறாங்க," என்றாள் அங்கே வேலை பார்க்கும் பெண். "கதவு வரைக்கும் போய் இடிச்சுக்கிட்டு நிக்கறாங்க."

கசில்டா ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்க வந்திருந்தாள். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள அந்த நாற்காலியில் யாரும் இல்லை. போர்வைக்கு அடியில் எனெடினாவின் கால்கள் மட்டும் மாறி மாறி அசைந்துகொண்டே இருந்தன.