ஆந்தைக்கு இரண்டு குரல்

கத்தரியக்காவுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. ஆனால் அவள் எழுதிய ‘கத்தரி’ என்ற மென்பொருளை வைத்துக்கொண்டு எங்கெங்கோ இருப்பவர்கள் சட்டை தைத்தார்கள். மார்பளவு, தோளளவு, கை நீளம் என்று எண்களைக் கொடுத்தால் துணியை எப்படி வெட்ட வேண்டும் என்று அது படம் வரைந்து தரும். அச்சிட்டு, தாள்களை ஒட்டி, துணிமேல் விரித்து வெட்ட வேண்டியதுதான். அவள் கணவரின் தோள்கள் ஏற்ற இறக்கமாக இருந்ததால் கடைச் சட்டை எதுவும் அவருக்குப் பொருந்துவதில்லை. அதை எண்களால் சரிசெய்ய முடியுமா என்ற கேள்விதான் அவளை எழுத வைத்தது.

பகலில் அவளுக்கு ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை. கத்தரி சம்பளமில்லாத வேலை. திறமூல மென்பொருள் என்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். அந்தத் திருத்தத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது மட்டும் அவள் கையில் இருந்தது. அதனால்தான் அங்கே எல்லோருக்கும் அவள் கத்தரியக்கா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருடைய சந்தேகத்துக்கோ பதில் தட்டிக்கொண்டிருந்தபோது, இதே பதிலைப் பலமுறை எழுதியிருக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றியது. அலுப்பு என்று சொல்ல முடியாது. கத்தரியிடம் அவள் கேட்பதற்கு இனி எதுவும் மிச்சமில்லை, அவ்வளவுதான். யாரிடமாவது ஒப்படைத்துவிடலாம் என்று கணவரிடம் சொன்னாள். கத்தரிக்காயை இறக்கிவைக்க ஒருவழியாக மனசு வந்ததா என்று கேட்டுவிட்டு அவர் இஸ்திரி போடப் போனார்.

யாரிடம் என்பதில் அவளுக்குக் குழப்பம் இல்லை. ஆந்தையிடம்தான். ‘ஆந்தை’ என்பது ஒரு கணக்கின் பெயர். முகம் தெரியாது, குரல் தெரியாது. ஆனால் பல வருடங்களாக வரும் திருத்தங்களில் பாதிக்கு மேல் அதிலிருந்துதான் வந்தன. தலைமையை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று எழுதிக் கேட்டாள். அன்று மாலையே ‘சம்மதம்’ என்று பதில் வந்தது. மறுநாள் காலை ‘சம்மதமில்லை’ என்று வந்தது. மாலையில், ‘காலையில் எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம்’ என்று மூன்றாவதாக ஒன்று.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஆர்வம் வந்தது. ஆந்தையின் பழைய குறிப்புகளை எல்லாம் தோண்டிப் படித்தாள். காலையில் எழுதும் ஆந்தை இரண்டு சொல்லோடு முடித்துக்கொள்ளும். மாலை ஆந்தை, ‘அதாவது’ என்று ஆரம்பித்துப் பாடம் நடத்தும். ஒரு இடத்தில் காலை ஆந்தை, ‘இதை எழுதியது யார்? படுமோசம்’ என்று சீறியிருந்தது. எழுதியது வேறு யாருமில்லை, ஆந்தையேதான். தூக்கக் கலக்கமாக இருக்கும் என்றார் கணவர்.

அலுவலகத்தில் கணினிப் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து மேசைக்காரர் அப்படிச் சிரிக்கவில்லை.

“யாருன்னே தெரியாத ஆள் கையில வீட்டுச் சாவியைக் குடுப்பீங்களா? கத்தரி எத்தனை பேரோட கம்ப்யூட்டர்ல ஓடுது தெரியுமா? உள்ள எதையாவது சேர்த்துவிட்டா உங்களை நம்பினவங்க தலையிலதான் விடியும்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முகம் பார்த்துப் பேசாமல் ஒப்படைப்பதில்லை என்று ஆந்தைக்கு எழுதினாள். எழுத்திலேயே பேசிக்கொள்ளலாமே என்று அது நழுவிப் பார்த்தது. அவள் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடியோ அழைப்பில், திரையில் ஒரு வீட்டுக் கூடம் தெரிந்தது. ஒரே மேசைக்குப் பின்னால் இரண்டு பெண்கள், ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அதற்குச் சற்று முன்புதான் ஏதோ வாக்குவாதம் நடந்திருக்க வேண்டும்.

“நாங்க ரெண்டு பேருங்க,” என்றாள் மூக்குக்கண்ணாடி போட்டிருந்த மூத்தவள். “இவ என் நாத்தனார். கணக்கை ஆரம்பிச்சது என் வீட்டுக்காரர். ஒரு வாரம் பார்த்துட்டுப் போட்டுட்டாரு. பாஸ்வேர்டு சுவத்துல ஒட்டியிருந்தது. நாங்க எடுத்துக்கிட்டோம்.”

சுவரில் ஒட்டிய பாஸ்வேர்டைப் பற்றிப் பக்கத்து மேசைக்காரரிடம் மூச்சுவிடக் கூடாது என்று கத்தரியக்கா முடிவு செய்துகொண்டாள்.

அண்ணி பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துபவள், மாலையில்தான் ஓய்வு. நாத்தனாருக்கு அச்சகத்தில் மதிய ஷிப்ட், காலைதான் அவளுக்கு. அந்தப் படுமோசம் என்ற குறிப்பைப் பற்றிக் கேட்டதும் நாத்தனார் முதன்முறையாகத் திரையைப் பார்த்தாள்.

“அண்ணி எழுதினது. மோசமாத்தான் இருந்தது.”

“சொல்லிட்டு நாலு நாள் பேசாம இருந்தா,” என்றாள் அண்ணி.

அந்த ஒரு குறிப்பைத் தவிர இத்தனை வருடத்தில் ஆந்தை சண்டை போட்டதில்லையே, எப்படி என்று கத்தரியக்கா கேட்டாள். அவளுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சண்டையெல்லாம் சமையல்கட்டிலேயே முடிந்துவிடும், ஜெயித்தவள் வந்து எழுதுவாள் என்று அண்ணி விளக்கினாள். இப்போது தலைமை விஷயத்தில் மட்டும் யாரும் ஜெயிக்கவில்லை. அண்ணிக்கு ஆசை. நாத்தனாருக்குப் பயம்.

“கோடு வரையச் சொன்னா வரைவேன். ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டிருக்க என்னால ஆகாது,” என்றாள் நாத்தனார். “அண்ணிக்கே குடுத்துடுங்க.”

“இவ இல்லாம எனக்கு வேண்டாம்,” என்றாள் அண்ணி. “நான் போடுற கணக்குல தப்பு கண்டுபிடிக்க வேற யாரு இருக்கா?”

நாத்தனார் திரும்பி அண்ணியைப் பார்த்தாள். இதை அவள் அதற்கு முன் கேட்டதில்லை போலும்.

கத்தரியக்கா சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: “ரெண்டு பேருக்கும் குடுக்கிறேன். ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் ஒத்துக்கிட்டாத்தான் உள்ள சேரணும். தனித்தனிக் கணக்கு வேணும். பதில் சொல்றது அண்ணி பாடு. ஒண்ணே ஒண்ணு, சண்டையை சமையல்கட்டுல வச்சுக்காதீங்க. எல்லாரும் படிக்கிற இடத்துல போடுங்க.”

“நாலு பேர் பார்க்கவா?” என்றாள் நாத்தனார்.

“ஆமா. ஏன் இப்படி முடிவாச்சுன்னு நாளைக்கு வர்றவங்களுக்குத் தெரியணும்ல.”

தோற்றாலும் அங்கேயே எழுத வேண்டுமா என்று நாத்தனார் கேட்டாள். ஆமாம் என்றதும் தலையாட்டினாள்.

இரண்டு புதிய கணக்குகள் வந்தன. கத்தரியக்கா நிர்வாக உரிமையை மாற்றினாள். நிச்சயமாகவா என்று திரை ஒருமுறை கேட்டது. அழுத்தினாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடு மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள், அப்படியொன்றும் இல்லை. பசிதான் எடுத்தது.

அடுத்த வாரமே முதல் சண்டை வெடித்தது. தாள்களை ஒட்டுவதற்கு ஓரத்தில் எவ்வளவு இடம் விடுவது என்பதில் ஆரம்பித்தது. அச்சகத்துக்காரி இரண்டே வரியில் அண்ணியின் யோசனையை மறுத்தாள். அண்ணி ‘அதாவது’ என்று ஒன்றரைப் பக்கம் எழுதினாள். வழக்கமாக வாயே திறக்காதவர்கள்கூட உள்ளே வந்து, தங்கள் வீட்டு அச்சு இயந்திரம் எங்கே ஓரத்தைத் தின்றுவிடுகிறது என்று படம் எடுத்துப் போட்டார்கள். இப்படியும் ஒரு தொல்லை இருப்பது கத்தரியக்காவுக்கு அதுவரை தெரியாது.

அக்கா, நீங்களே தீர்த்துவையுங்கள் என்று ஒருவர் அவளைக் கூப்பிட்டார். யார் சொல்வது சரி என்று அவளுக்கு ஓர் எண்ணம் இருந்தது. நீளமாக எழுதினாள். படித்துப் பார்த்துவிட்டு அழித்தாள்.

‘எனக்கும் தெரியலை. முடிவானதும் சொல்லுங்க’ என்று எழுதிவிட்டு, பக்கத்தை மூடாமல், அண்ணி அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.